மரம் இருக்கும்

ஜன்னலோர இருக்கை ரெஜிக்கு. அதில் மறுபேச்சு கிடையாது. ஏறியதும் அவள் முதலில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், பிறகு உட்கார்ந்தாள், அதற்கும் பிறகுதான் அண்ணன் ஏறிவிட்டானா என்று திரும்பிப் பார்த்தாள். மடியில் ரெக்சின் பை. ஜிப் பாதிவரைதான் நகரும், மீதியை அமலதாஸ் காலையில் ஊக்கு குத்தி மூடியிருந்தான். சும்மா பார்த்துவிட்டுத்தானே வரப்போகிறோம், பை எதற்கு பாப்பா என்று அவன் கேட்டது அவள் காதில் விழவில்லை, அல்லது விழ வேண்டாம் என்று அவள் முடிவு செய்திருந்தாள். துண்டு, சீப்பு, இரண்டு நைட்டி, அம்மாவின் ஜெபமாலை. நாற்பத்தொரு வயதில் அவள் தன் கையால் அடுக்கிய முதல் பை. உடம்புதான் நாற்பத்தொன்று. மனசு ஏழெட்டு வயதிலேயே நின்றுவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிச் சொல்லி, அம்மா அதைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அதுவும் சாதி சர்டிபிகேட் மாதிரி வீட்டில் இருக்கிற ஒரு தகவலாகிவிட்டது. வண்டி திண்டுக்கல் பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் கேட்டுவிட்டாள். "அண்ணே, இதுவா?" வாசலில் ஆட்டோக்களுக்கு மேலே ஒரு அரசமரம், கிளையில் கட்சிக்கொடி. "இல்ல பாப்பா. இன்னும் தூரம் இருக்கு." கண்டக்டர் வந்தார். "எங்க சார்?" அருள்நிழல் இல்லம் ஸ்டாப், ரெண்டு பேர் என்றான் அமலதாஸ். "அப்படி ஒரு ஸ்டாப்பே இந்த ரூட்ல கிடையாதே சார்." கோபால்பட்டி தாண்டி, ரோட்டுமேலேயே, என்று அவன் சொல்லத் தொடங்கினான். "ஓ, பிள்ளைங்கள வச்சிப் பாத்துக்கறாங்களே, அதா? அது ரைஸ்மில் ஸ்டாப். இல்லம்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது." பேருந்து நிறுத்தத்துக்கு மிக அருகில் என்று இல்லத்தின் வெப்சைட்டில் இவன்தான் எழுதியிருந்தான், நிறுத்தத்தின் பெயரைக் கேட்கவில்லை. "நாங்க மரத்துக்குப் போறோம்," என்றாள் ரெஜி. கண்டக்டர் அவளைப் பார்த்தார், பையைப் பார்த்தார், புரிந்துகொண்ட முகத்தோடு குனிந்தார். "மரத்துக்கா? மரம் எங்கேயும் போகாது தாயி, நிதானமாப் போகலாம். ஒனக்கு டிக்கெட் ப்ரீ, அண்ணனுக்கு மட்டும் கிழிச்சிர்றேன்." அவள் ஈறு தெரியச் சிரித்தாள்.

மரம். இரண்டு வாரமாக அவன் அந்தச் சொல்லில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறான், பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி, நாக்கு வேறு எங்கே போனாலும் திரும்ப அங்கேதான் வந்து நெருடுகிறது. அருள்நிழல் இல்லத்தை அவன் பார்த்ததில்லை. பார்க்கிற வழக்கம் அந்த வேலையில் இல்லை. செல்போன் கடைக்கு மேல்மாடியில் அவனுடைய ஆபீஸ், அங்கே உட்கார்ந்து லாட்ஜின் வெப்சைட்டுக்கு எழுதுவான், பல் ஆஸ்பத்திரிக்கு எழுதுவான், கல்யாண மண்டபத்துக்கு எழுதுவான், எதற்குள்ளும் கால் வைத்ததில்லை. போனில் சில கேள்விகள் கேட்டால் போதும். அன்றைக்கும் கேட்டான். இரண்டு வருஷமாகிவிட்டது. உங்கள் இல்லத்தின் பெயரிலேயே நிழல் இருக்கிறதே மேடம், மரம் ஏதாவது இருக்கிறதா? அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பின்னால் யாரோ ஒரு பிள்ளை ஒரே சுரத்தில் கத்திக்கொண்டிருந்தது. "மரமா? இருக்கும் சார்," என்றது பெண்குரல், குக்கரை நோக்கி நடந்துகொண்டே. இருக்கும். அதைத்தான் சொன்னாள். குரல் இன்னும் காதில் இருக்கிறது, அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பொருள் பிடிபடவில்லை. எங்கள் தெருவில் கிணறு இருக்கும் என்றால் கிணறு உண்டு, என்றைக்கும் உண்டு, போனால் தண்ணீர் இறைக்கலாம். சாவி மேசைமேல் இருக்கும் என்றால் எனக்குத் தெரியாது, நீயே போய்த் தேடிக்கொள். ஒரே சொல். அவள் எந்த இருக்கும்-ஐச் சொன்னாள்? மரம் எப்போதும் அங்கே நிற்கிறது என்றா, இவ்வளவு பெரிய உலகத்தில் எங்கேயாவது ஒரு மரம் இல்லாமலா போகும் என்றா? அன்றைக்கு அவன் திருப்பிக் கேட்டிருக்கலாம். என்ன மரம் மேடம் என்று இரண்டு சொல். கேட்கவில்லை. 'இருக்கும்' என்று எழுதினால் வாசகர் நம்ப மாட்டார் என்று மட்டும் தோன்றியது, அது தொழில், கை தானாகச் செய்தது, 'இருக்கிறது' என்று திருத்தியது. எங்கள் இல்லத்தில் ஒரு பெரிய மரம் இருக்கிறது. மாலை ஆனதும் எல்லோரும் அதன் நிழலில் வட்டமாக உட்கார்ந்து பாடுகிறார்கள். பெரிய என்பது எங்கிருந்து வந்தது? சிறிய மரத்தின் நிழலில் எல்லோரும் வட்டமாக உட்கார முடியாதே, அதனால் வந்தது. வட்டம் எதற்கு? வரிசையாக உட்கார்ந்தால் ஜெயில் மாதிரி இருக்கும். பாட்டு? அந்தக் கத்தல்தான். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. எங்கேயும் பொய் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது, ஒரு சொல்லின் வாலைத் தவிர.

"அண்ணே, இதுவா?" வேப்பமரம், அடியில் டீக்கடை. "இல்ல பாப்பா." எழுத்துக் கூட்டிப் படிக்க அவள் கற்றது அவனுடைய பக்கத்தில். மற்றவர்கள் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொண்டார்கள், அவளைப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளவில்லை. நாளிதழில் சனிக்கிழமை தோறும் வந்த சிறுவர் பக்கம், அதைப் பார்த்துக்கொண்டதுதான் அமலதாஸுக்கு இளமை முழுக்க வேலை. விடுகதை, புள்ளிகளை இணை, வழி கண்டுபிடி, ஆறு வித்தியாசம். அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை வீட்டுக்குக் கொண்டுவருவான். ரெஜி தரையில் குப்புறப் படுத்துக்கொள்வாள், ஆள்காட்டி விரலை எழுத்துக்கு அடியில் வைப்பாள், விரல் நகர்ந்தால்தான் வாய் நகரும். அவள் வாய் நின்ற இடத்தில் அவன் சொல்லை மாற்றுவான். மூன்று எழுத்துக்கு மேல் போகும் சொல் எதுவும் தன்னுடைய இருப்பை நியாயப்படுத்த வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தான், அந்த விதியை விதித்தது அவளுடைய விரல். ஆறு வித்தியாசத்தில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஓவியர் மாணிக்கவேல் ஒரு முறை ஆறாவதைப் போட மறந்துவிட்டார், இவனும் கவனிக்கவில்லை, அவள்தான் இரண்டு படத்தையும் வெகுநேரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு அஞ்சுதான்ணே இருக்கு என்றாள். விடையைப் பார் என்றான். விடைகள் பக்கத்தின் அடியில் தலைகீழாக இருக்கும், அவள் தாளைத் திருப்ப மாட்டாள், தன் தலையைத்தான் கவிழ்ப்பாள், காது தரையில் படும்படி கவிழ்த்துப் படித்தாள். பூனையின் வாலில் கோடு என்றிருந்தது. பூனையின் வாலில் கோடு இல்லை. மாணிக்கவேல் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து வாசற்படியில் நின்றபடியே ஒரு கோடு போட்டார். "உங்க தங்கச்சிய வேலைக்கு எடுத்துட்டு உங்கள வீட்டுக்கு அனுப்பலாம்யா," என்றார். ரெஜி அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு மறுநாள் குளித்து, பவுடர் போட்டு, செருப்பு மாட்டி உட்கார்ந்திருந்தாள். பிறகு சிறுவர் பக்கத்தில் ஒருநாள் ரியல் எஸ்டேட் விளம்பரம் வந்தது, அடுத்த சனிக்கிழமையும் வந்தது, பக்கம் நின்றுபோயிற்று என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவனே புரிந்துகொண்டான்.

மேல்மாடி ஆபீஸில் சேர்ந்தபோது சுதர்சன் சொன்னதை நினைத்தான். முதலாளி, இவனில் பாதி வயது, நல்ல பையன், சார் போடாமல் பேச மாட்டான். "சார், நெட்ல யாரும் படிக்கிறதில்ல சார். மேயுறாங்க. கட்டைவிரல் தள்ளிக்கிட்டே இருக்கும். அது நிக்கணும். அவ்வளவுதான் நம்ம வேலை." கட்டைவிரலை நிறுத்துவது எப்படி? சின்னச் சொல்லாக எழுது. ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். நாங்கள் நாங்கள் என்று பேசாதே, நீங்கள் என்று பேசு. முக்கியமானதை மேலே வை, கீழே வரைக்கும் ஆள் வராது. கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைக் காட்டு. அமலதாஸுக்குச் சிரிப்பு வந்தது, இதெல்லாம் அவனுக்குத் தெரியும், குப்புறப் படுத்திருந்த ஒருத்தியிடம் பாடம் படித்தவன் அவன். முதல் மாதமே சுதர்சன் கைகொடுத்தான். "எப்படி சார் இவ்வளவு சிம்பிளா வருது உங்களுக்கு?" குழந்தைக்கு எழுதியதைப் போலவே பெரியவர்களுக்கு எழுதினான், வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான், பெரியவர்களுக்கு எழுதும்போது யாரும் முதலில் படித்துப் பார்த்துவிட்டு அஞ்சுதான்ணே இருக்கு என்று சொல்வதில்லை. அலுவலகத்தில் ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள், பக்கத்தின் எந்த இடத்தில் ஆட்கள் நின்றார்கள், எந்த இடத்தைத் தாண்டிப் போனார்கள் என்று. நின்ற இடமெல்லாம் சிவப்பாக இருக்கும். அருள்நிழல் பக்கத்தைப் போட்டபோது மருத்துவ வசதி வெளுத்துக் கிடந்தது, சாப்பாடு லேசான மஞ்சள், மரத்தின்மேல் மட்டும் ரத்தம் கொட்டின மாதிரி சிவப்பு. "செம்ம சார்," என்றான் சுதர்சன், "மரத்துல நிக்கிறானுங்க சார் எல்லாரும்." அதற்குப் பிறகு எந்த இல்லத்திலிருந்து போன் வந்தாலும் எங்களுக்கும் அந்த மாதிரி மரம் போட்டுக் கொடுங்க என்றார்கள். முதியோர் இல்லத்துக்கு ஒரு மரம். காது கேளாதோர் பள்ளிக்கு ஒரு மரம், அங்கே பாட்டை எடுத்துவிட்டுக் கதை என்று மாற்றினான், கையால் சொல்லும் கதை. இவனிடம் வராதவர்கள் பார்த்து எழுதிக்கொண்டார்கள். ஒரு மாவட்டம் முழுக்க மரம் நட்டிருக்கிறான், ஒரு குழிகூடத் தோண்டாமல்.

நெஞ்சின் இடது பக்கம் மெல்ல இழுத்தது. சட்டைப் பையில் கை வைப்பது போல் வைத்துப் பார்த்தான். வால்வு. வரும் திங்கட்கிழமை மதுரையில் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை, தினமும் செய்கிறோம் என்று டாக்டர் சொன்ன வாக்கியத்தை அவன் மனசு அப்போதே எடுத்துப் பார்த்தது, நல்ல வாக்கியம், சின்னச் சொற்கள், சந்தேகம் இல்லாத வினைமுற்று, யார் எழுதிக் கொடுத்தார்களோ. அந்த ஆஸ்பத்திரியின் வெப்சைட்டில் ஒருவேளை அதுதான் சிவப்பாக இருக்கும். பயமெல்லாம் தனக்காக இல்லை என்று சொல்லிக்கொள்வான், அது முழு உண்மையும் இல்லை, ராத்திரி விழிப்பு வந்தால் முதலில் தன் மூச்சைத்தான் கேட்கிறான், ரெஜியின் மூச்சை இரண்டாவதாகத்தான் கேட்கிறான். ஆனால் அந்த இரண்டாவது மூச்சு போக இடம் வேண்டும். அம்மா போன பிறகு அவளுக்கு அவன் மட்டும்தான். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கு ஒரு இடம், திரும்பி வராவிட்டால் எல்லா நாட்களுக்கும் அதே இடம். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ராத்திரி வீட்டில் போனை எடுத்துத் தேடினான். எல்லோரையும் போலத்தான் தேடினான், அக்கம்பக்கத்தில் நல்ல இல்லம் என்று. தங்கையை விடப் போகிறவனுடைய கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே போனது. உங்கள் வீட்டுப் பிள்ளை, இனி எங்கள் வீட்டுப் பிள்ளை. அவனுடையது. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அவனுடையது. ஒரு பெரிய மரம் இருக்கிறது. இன்னொரு இல்லம், பச்சைப்பசேல் என்று ஒரு மரம் இருக்கிறது, இது யாரோ அவனைப் பார்த்து எழுதியது, பச்சைப்பசேல் அவன் போட மாட்டான். தள்ளத் தள்ள அவன்தான் வந்துகொண்டிருந்தான். அவனுக்குத் தெரியாத ஒரு வரி வேண்டும், யாரோ ஒரு தெரியாத மனுஷன், நல்லா எழுதத் தெரியாத மனுஷன், கரண்ட் அடிக்கடி போகும், தண்ணி வாரம் ரெண்டு நாள்தான், ஆனா பாத்துக்குவோம் என்று எழுதிய ஒரே ஒரு வரி இருந்தால் ரெஜியை அங்கே கொண்டுபோய் விட்டுவிடலாம். இல்லை. அவ்வளவு பேருக்கும் நன்றாக எழுதத் தெரிந்துவிட்டது. எப்போது ரெஜி வந்து பின்னால் நின்றாள் என்று அவனுக்குத் தெரியாது. தோளுக்கு மேலாக ஆள்காட்டி விரல் நீண்டது, கண்ணாடியில் பட்டது, திரை நகராமல் நின்றது. "ஒ-ரு பெ-ரி-ய ம-ர-ம்." விரல் நகர நகர வாய் நகர்ந்தது, எங்கேயும் தடுக்கவில்லை, தடுக்காத மாதிரித்தானே எழுதியிருக்கிறான். பா-டு-கி-றா-ர்-கள் வரைக்கும் வந்து நிமிர்ந்தாள். "இங்க போலாம்ணே." இதுவரைக்கும் அவள் எங்கேயும் போகலாம் என்று சொன்னதில்லை. அவன் எழுதிய எல்லாவற்றையும் முழுதாகப் படித்து முழுதாக நம்பிய ஒரே வாசகி. சிறந்த பக்கம் என்றால் அதுதான், வாசகரை எழுந்து நடக்க வைக்க வேண்டும். அவள் நேராகப் போய்ப் பையை எடுத்தாள். பக்கத்தின் அடியில் இப்போதே அழையுங்கள் என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு பட்டன் இருந்தது. அதுவும் அவன் வைத்ததுதான். அழுத்தினால் அந்தக் குரல் வரும், என்ன மரம் மேடம் என்று கேட்டுவிடலாம். இரண்டு வாரமாக அழுத்தவில்லை. கேட்காதவரை மரத்துக்குப் பாதி உயிராவது இருந்தது.

சாணார்பட்டியில் ஒரு அம்மாள் மாங்காய்க் கூடையோடு ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கூடையை வைத்த வேகத்தில் ஒரு காய் உருண்டு ரெஜியின் காலடிக்கு வந்தது, ரெஜி எடுத்துக் கொடுத்தாள். "நீயே வச்சுக்க தாயி. எங்க, ஊருக்கா?" "மரத்துக்கு." "எந்த மரத்துக்குடி?" "பெரிய மரம். பாட்டுப் பாடுவாங்க." அந்த அம்மாள் திரும்பி அமலதாஸைப் பார்த்தாள், இவன் ஜன்னலைப் பார்த்தான். "கோயில் மரமா தம்பி?" இல்லங்க என்றான். "அப்ப நல்ல மரந்தான் போ," என்றாள் அவள் ரெஜியிடம், "நாங்கல்லாம் மரத்தடியில உக்காந்தா காய் பொறுக்கத்தான் விடுவாங்க, பாடவா விட்டாங்க." ரெஜி மாங்காயைப் பைக்குள் வைக்க ஊக்கை எடுத்துவிட்டு மறுபடி குத்தத் தெரியாமல் அவனிடம் நீட்டினாள். குத்தினான். முனை தவறி அவன் விரலில் ஏறியது, வண்டி ஆடியதால் இருக்கும். இருக்கும். இதோ, இதுவும் அதே சொல். அதற்கு அப்பால் சாலையில் மரமே இல்லை. சாலையை அகலப்படுத்த இரண்டு பக்கமும் புளியமரங்களை வெட்டியிருந்தார்கள், வேர்க்கட்டைகள் மட்டும் தரையோடு தரையாக, சுற்றிலும் வெள்ளை வட்டம் போட்டு ஒவ்வொன்றிலும் ஒரு எண். வெயில் தாரிலிருந்து எழும்பி ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. ரெஜி கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை, அவள் இதுவா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வரலாம், இன்னும் தூரம் என்று ஒன்று இருக்கும். இப்போதே சொல்லிவிடலாம். பாப்பா, அந்த மரம் அண்ணன் எழுதினது. அவள் அதை எப்படி எடுத்துக்கொள்வாள்? அண்ணன் எழுதினான் என்றால் அவளுக்கு அது இன்னும் உறுதி. பூனை வாலில் கோடு என்று விடையில் எழுதியிருந்ததும் மாணிக்கவேல் ஓடிவந்து கோடு போட்டாரே. எழுதினால் வந்துவிடும், அவள் பார்த்த உலகம் அப்படி. திரும்பிப் போய்விடலாம், அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எதிர்ப்பக்க வண்டியைப் பிடித்து. பிறகு? திங்கட்கிழமை ஆபரேஷன் விளக்கின் அடியில் படுத்திருக்கும்போது இவள் யார் வீட்டில் இருப்பாள், அடுப்பை யார் அணைப்பார்கள்? மனசு அதற்கும் ஒரு தலைப்புப் போட்டது, சும்மா இருக்காத மனசு. நீங்கள் இல்லாதபோது உங்கள் தங்கை: தெரிந்துகொள்ள வேண்டியவை. நல்ல தலைப்பு. முதல் சொல்லிலேயே நீங்கள் வந்துவிட்டது. கீழே எழுத ஒரு வரிகூட வரவில்லை. மரம் இருந்துவிட்டால்? இருந்தும்விடலாமே. ஒரு புங்கமரம் போதும், முருங்கைகூடப் போதும், பெரிய என்று எழுதியதற்குச் சின்னதாக வளர்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்வான், ஒரு ஆள் நிழல் விழுந்தால் அதில் அவள் உட்காருவாள். ஆண்டவரே, ஒரு முருங்கை. "ரைஸ்மில்லு! மரத்துக்குப் போறவங்கல்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார், வண்டியே சிரித்தது, ரெஜியும் சிரித்துக்கொண்டே பையைக் கட்டிப்பிடித்தபடி இறங்கினாள்.

உமி வாசனை. மில்லைச் சுற்றிக்கொண்டு மண்பாதை, ஒரு பக்கம் உழுது போட்ட செம்மண், இன்னொரு பக்கம் பிளாட் கற்கள் நட்ட பொட்டல். தூரத்தில் ஒரு நீண்ட வெள்ளைக் கட்டிடம் தகரக் கூரையோடு, அதன் தலைக்கு மேலே ஆகாயம் தவிர ஒன்றுமில்லை. கூரைக்கு மேல் பச்சையாக ஏதாவது எட்டிப் பார்க்கிறதா என்று அவன் கண் தேடியது, தண்ணீர்த் தொட்டி, கறுப்புத் தொட்டி. பின்பக்கம் இருக்கும். மரத்தைப் பின்பக்கம்தானே வைப்பார்கள். கேட்டின் தாழ்ப்பாளை அவன் தட்டியதும் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஒரு பெண் வந்தாள், ஐம்பது வயது இருக்கும், தூக்கம் காணாத கண். "வாங்க சார், போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே. நான் ஜெயசீலி, வார்டன். எல்லாரும் டீச்சர்னு கூப்புடுவாங்க." குரல் அதேதான். ரெஜியின் கன்னத்தைப் பிடித்து, "பேரு என்ன கண்ணு?" என்றாள், பதிலுக்குக் காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. அது அவனுக்குப் பிடித்தது, பிடித்ததும் நெஞ்சு இன்னும் கனத்தது. வராந்தாவில் பிள்ளைகள், சிறியவர்களும் நரைத்தவர்களும், சுவரோரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பையன் ஒரே சுரத்தில் குரலெழுப்பிக்கொண்டிருந்தான். பாட்டு. தரை கழுவியிருந்தது. யாருடைய உடம்பிலும் காயம் இல்லை. அவன் பார்த்துக்கொண்டே வந்தான், வெப்சைட்டில் எழுதாததையெல்லாம் பார்த்தான். "மரம்?" என்றாள் ரெஜி. டீச்சர் சிரித்தாள். "பாத்தீங்களா, இந்தப் புள்ளையும் கேக்குது. எங்க நெட்டு பக்கத்தப் பாத்துட்டு வந்தீங்களா சார்? யாரு எழுதுனாங்கன்னு தெரியல, அவ்வளவு அழகா எழுதியிருக்காங்க. வர்றவங்க எல்லாரும் மொதல்ல மரம் எங்கன்னுதான் கேக்குறாங்க. இங்க ஏது சார் மரம், தண்ணியே லாரில வருது. ஒரு வேப்பங்கன்னு வச்சோம், மில்லுக்கார ஆடு தின்னுருச்சு. அப்புறம் மறுபடி வச்சோம், அதையும் அதே ஆடு. சரின்னு நம்ம ஆளு ஒருத்தர வச்சு... வாங்களேன், வந்து பாருங்க, நல்லாத்தான் வரைஞ்சிருக்காரு."

காம்பவுண்டுச் சுவரின் உள்பக்கம், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக, மரம். கடைப் பலகைக்குப் போடும் பச்சை. தட்டு தட்டாக இலைகள், வேம்பும் இல்லை அரசும் இல்லை, இலை என்றால் எப்படி இருக்குமோ அப்படிப்பட்ட இலை. அடியில் மொட்டை மொட்டையாக நான்கைந்து உருவங்கள் வட்டமாக, வாய் திறந்தபடி. அவற்றுக்குக் கீழே, கடைசிப் புள்ளி வரை பிசகாமல், அவனுடைய வாக்கியங்கள். எங்கள் இல்லத்தில் ஒரு பெரிய மரம் இருக்கிறது. சுவர் முழுக்க வெயில். மாணிக்கவேல் ஓடிவந்து கோடு போட்டுவிட்டார், வேறென்ன. இப்போது அது பொய்கூட இல்லை, படித்தவர்களுக்காக ஒரு மரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள், அவன் எழுதியதற்கு இணங்கச் சுவர் நடந்திருக்கிறது. நான்தான் எழுதினேன் என்று டீச்சரிடம் சொல்ல வாய் எடுத்தான், அதற்குள் அவள் ரெஜி பக்கம் திரும்பிவிட்டாள். ரெஜி பையைத் தரையில் வைத்தாள். சுவரிடம் போய் ஆள்காட்டி விரலை முதல் எழுத்துக்கு அடியில் வைத்து, நடந்துகொண்டே வரி முழுவதையும் படித்தாள். பிறகு பின்னால் வந்து நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தாள். முகம் சுருங்கியது. அழப்போகிறாள், இப்போது அழுவாள், அழட்டும், அழுதால் அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அவன் நினைத்தபோது அந்த முகம் பளிச்சென்று விரிந்தது. "அண்ணே! ஆறு வித்தியாசம்!" கைகொட்டினாள். அண்ணன் பழையபடி ஒரு பக்கம் கொண்டுவந்திருக்கிறான், அவளுக்காக, இவ்வளவு பெரிய பக்கம். "நிழல் இல்ல. ஒண்ணு." கட்டைவிரலை மடக்கினாள். "காத்து இல்ல. ரெண்டு. காக்கா இல்ல." டீச்சர் வாயைப் பொத்திச் சிரித்தாள், "கெட்டிக்காரி சார் உங்க தங்கச்சி." "இவங்க வட்டமா இருக்காங்க, அவங்க வரிசையா இருக்காங்க." வராந்தாவைக் காட்டினாள். "இவங்க பாட்டுக் கேக்கல. அஞ்சு." கையில் விரல் தீர்ந்துவிட்டது. அடுத்த கையை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டு சுவரை மேலும் கீழும் பார்த்தாள், வராந்தாவைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "ஆறாவது எங்கண்ணே?" அவனுக்குத் தெரியும். இத்தனை வருஷத்தில் அவளிடம் அவன் சொல்லாமல் வைத்திருந்த ஒரே விடை அது, திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தப் படத்தில் ஒரு ஆள் குறையலாம். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, விடை இருக்கும் இடம் தெரிந்தவளாக, சுவரருகே மண்டியிட்டாள். காது தரையில் படும்படி தலையைக் கவிழ்த்து, மரத்துக்கும் மண்ணுக்கும் இடையில் தேடினாள். அங்கே பாசி படிந்த ஒரு சாக்கடை ஓட்டை இருந்தது. வரைந்தவரின் பெயரும் போன் நம்பரும் இருந்தன, நேராக. கவிழ்ந்த தலையோடு கண்ணை மட்டும் உயர்த்தி அவனைப் பார்த்தாள், நரைத்த முடியில் செம்மண்.

"விடை போடலையேண்ணே."

"இருக்கும்," என்றான்.

அவளுக்கு அந்தச் சொல்லில் ஒரு பொருள்தான் உண்டு. எழுந்து, மண்ணைத் தட்டி, பையை எடுத்துக்கொண்டு, டீச்சருக்கு முன்னால் உள்ளே நடந்தாள்.